கடற்காகத்துக்கு ஒரு கட்டம்

போட்ஸ்ஃபியூர் துறையில்
மீன் நிறுக்கும் கொட்டகை எங்களுடையது.
முதலாளி தூர்பியோர்க். கணக்கெழுதுவது நான்.
நார்வேயின் அந்த மூலையில்
டிசம்பரில் சூரியன் வராது.
படகு மட்டும் வரும்.

அந்த வருடம் துரோன்ஹைமிலிருந்து
கரையோரக் கப்பலில் ஒருவன் வந்து இறங்கினான்.
எஸ்கில் என்று பெயர்.
வழியெல்லாம் வாந்தியெடுத்த முகம்,
கம்பளிச் சட்டைக்குள் ஆறு ஃப்ளாப்பிகள்.
மீனை நிறுத்த மறுநிமிடம் கணக்கு முடியும் என்றான்.
இதுவரை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டாள்.
அவன் தன் ஈரக் காலணியைப் பார்த்தான்.
"நீங்கள்தான் முதல் போணி."

எதிர்க்கரைக் கொட்டகை ஹால்டன்
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்.
"யாராவது விட்டால்தானே ஆழம் தெரியும்"
என்று சொல்லிக்கொண்டே இவள்
பாதி விலைக்குப் பேசி முடித்தாள்.
முதல் போணியை வெறுங்கையோடு அனுப்ப
எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

முதல் குளிர்காலம் நாசம்.
சொல்ல வெட்கமில்லை.
ஒரு ராத்திரி அது
நாலு டன் காட் மீனை நாற்பது டன் என்றது.
இன்னொரு ராத்திரி ஒன்றுமே சொல்லவில்லை.
நீலத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்
தரையில் கிடக்கும் மீனின் செவுள்போல
திறந்து மூடிக்கொண்டிருந்தது.
நான் பென்சிலை விடவில்லை.
கணினியில் ஒரு தடவை,
காகிதத்தில் ஒரு தடவை,
சம்பளம் மட்டும் ஒரே தடவை.

ஒவ்வொரு கோளாறுக்கும் துரோன்ஹைமுக்குப் போன் போட்டாள்.
அவனுக்கு இருந்ததோ ஒரே வாடிக்கை,
முதல் மணியிலேயே எடுப்பான்.
ஒருநாள் அவள் சொன்னாள்:
தொட்டிக்கு ஒன்றரைக் கிலோ இடிக்கிறது.
படகுக்கும் தராசுக்கும் நடுவில்
கடற்காகங்கள் கொத்திக்கொண்டு போவது.
மாலுமியும் திருடவில்லை, நானும் திருடவில்லை,
அதை எழுத எனக்கு ஒரு கட்டம் வேண்டும்.
மறுமுனையில் சிரிப்பு.
சிரிப்பு அடங்கியபின் தட்டச்சு ஓசை.
அடுத்த ஃப்ளாப்பியில் இருந்தது:
படகு, வகை, எடை, கடற்காகம்.

மூன்றாம் வருடம், மார்ச்.
ஒரே இரவில் ஒன்பது படகுகள்.
கடைசித் தொட்டி இறங்கும்போது மணி பதினொன்று,
எந்த அளவில் எத்தனை கிலோ என்பது
பதினொன்று அடித்து நாலு நிமிடத்தில் எங்கள் கையில்.
போர்ச்சுக்கலுக்கு உப்புமீன் அனுப்பும் ஓலெசுண்ட்காரர்
படுக்கையிலிருந்தே பேரம் பேசினார்.
படியவும் செய்தது.
ஹால்டனின் ஆட்கள் கூட்டி முடித்தது மறுநாள் மதியம்.
கூட்டல் சரிதான். வாங்கத்தான் ஆளில்லை.
படகுக்காரர்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.
மீன் இறங்குமுன்னே கையில் சீட்டு,
மறுநாள் வங்கியில் பணம்.
அடுத்த புயலில் ஒவ்வொன்றாய்
எங்கள் பக்கம் திரும்பின மூக்குகள்.

இப்போது எஸ்கிலுக்கு நாலு மாடி.
நாங்கள் கூப்பிட்டாலும் இசைதான் கேட்கிறது,
ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து.
இன்றைக்கு ஒரு கட்டம் கேட்டால்
மனு எழுதச் சொல்வார்கள்.
கேட்கிற காலத்தில் கேட்டுவிட்டோம்.

பதினோரு வருடம் பொறுத்து ஹால்டனும் வாங்கினார்.
பழுது எதுவும் இல்லாதது.
எங்கள் முதல் குளிர்காலத்துக்கும் சேர்த்து
விலை கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.
ஒரு சனிக்கிழமை, தொப்பியைக் கையில் பிடித்தபடி
எங்கள் வாசலில் வந்து நின்றார்.
"அந்தக் கடற்காகக் கட்டம் எதற்கு?
காலியாய் விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேன் என்கிறது.
வார்டோவில் கேட்டேன், ஹாமர்ஃபெஸ்டில் கேட்டேன்,
ஒருவருக்கும் தெரியவில்லை.
எல்லாரும் நிரப்புகிறார்கள்."

தூர்பியோர்க் காபியைக் கீழே வைத்தாள்.
"நீங்கள் என்ன போடுகிறீர்கள்?"
"சுழி."

எதிர்க்கரையில் அவர் கொட்டகையைப் பார்த்தாள்.
கூரை தெரியாதபடி வெள்ளையாய் உட்கார்ந்திருந்தன.
"பாவம்" என்றாள்,
"பட்டினியா கிடக்கின்றன அத்தனையும்?"